பதினெட்டு அங்குலம்

அண்ணன் மகன் தார் புக் செய்திருக்கிறான். வண்டி கைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அதில் என்னென்ன மாட்டுவது என்று ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்பினான். பட்டியலில் இரண்டாவது, ஸ்நார்க்கல். அதற்குக் கீழே ஒரு கேள்வி: "சித்தப்பா, 650 எம்.எம். வரைக்கும் தண்ணில போகும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். ஸ்நார்க்கல் வேற மாட்டிட்டா, நம்ம தரைப்பாலத்துல தண்ணி போறப்ப தாராளமா போலாம்ல?"

"போகாதே" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். போட்டால் ஏன் என்று கேட்பான், எனக்கும் அப்போது சரியான பதில் தெரியாது. அந்த 650 என்கிற எண் எங்கிருந்து வந்தது, அது எதை அளக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் 1940இல் அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து 1977 நவம்பரில் வேடசந்தூருக்குத் திரும்பி, கடைசியில் ஜீப் டிரைவராக இருந்த எங்கள் பெரியப்பாவிடம் வந்து நின்றது. அவர் இப்போது இல்லை. அவர் சொன்ன ஒரு விஷயத்தின் அர்த்தம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்களுக்காக. குடகனாறு கீழ்ப்பழனி மலையில் பிறக்கிறது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, திண்டுக்கல் சமவெளியில் இறங்கி, வேடசந்தூரைத் தொட்டுக்கொண்டு வடக்கே போய், அழகாபுரி அணையில் தேங்கி, பிறகு கரூர்ப் பக்கம் அமராவதியில் சேர்கிறது. "ஓடுகிறது" என்று எழுத வரவில்லை, கவனித்தீர்களா? வருஷத்தில் பெரும்பாலான நாள் எங்கள் ஆற்றில் ஓடுவது ஆடும் கிரிக்கெட் பந்தும்தான். சீமைக்கருவேலம் நடு ஆற்றில் நிற்கும். மேலே ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, குடகனாற்றுக்கு எவ்வளவு என்று தண்ணீர்ச் சண்டை நடக்கும். கீழே நாங்கள் அந்தச் சண்டையைப் பேப்பரில் படிப்போம்.

இப்படிப்பட்ட ஆற்றுக்கு யாரும் பெரிய பாலம் கட்ட மாட்டார்கள். தரைப்பாலம்தான். படுகைக்குக் கொஞ்சம் மேலே ஒரு காங்கிரீட் தளம், அதற்கு அடியில் நாலைந்து சிமெண்ட் குழாய், இரண்டு ஓரத்திலும் வெள்ளையடித்த கல். சாதாரணத் தண்ணீர் குழாய் வழியே போகும். வெள்ளம் வந்தால் பாலத்துக்கு மேலே போகும். அது கட்டியவரின் தவறு கிடையாது, தரைப்பாலத்தின் வடிவமே அதுதான். வருஷத்தில் சில நாள் போக்குவரத்து நிற்கட்டும், மீதி நாளுக்கு இது போதும் என்று காசை மிச்சம் பிடித்துக் கட்டும் பாலம். அந்த ஓரக் கல்லும் அழகுக்கு இல்லை. தளத்துக்கு மேல் செந்தண்ணீர் போகும்போது ரோட்டின் விளிம்பு எது என்று தெரிவதற்காக நட்டது. வருஷத்தில் 350 நாள் காய்ந்து கிடக்கும் ஆறு என்பதால், மீதி நாட்களில் அதை யாரும் ஆறாக மதிப்பதில்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது ஜீப்.

1940 ஜூலையில், ஐரோப்பாவில் பிரான்ஸ் வீழ்ந்த கையோடு, அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர டிரைவ் வண்டிக்கு டெண்டர் விட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பட்லர் என்கிற ஊரில் இருந்த பேண்டம் என்ற சின்னக் கம்பெனி அந்தக் கெடுவுக்குள் செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆர்டரின் பெரும்பங்கு பிறகு வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது வேறு கதை. அந்தக் கதை பல இடத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது ராணுவம் கேட்ட தகுதிகளில் ஒரு வரி: அடி கெட்டியாக உள்ள 18 அங்குல ஆழத் தண்ணீரை, மணிக்குக் குறைந்தது 3 மைல் வேகத்தில் கடக்க வேண்டும்.

மில்லிமீட்டரில் 457. தாரின் 650க்கு இந்த 18 அங்குலம்தான் பாட்டன் என்று சொல்லலாம்.

ஏன் அவ்வளவு குறைவு? பெட்ரோல் இன்ஜின் தண்ணீருக்குப் பயப்படும். ஜீப்பின் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கிறது. அதற்குள் நாலு சொட்டுத் தண்ணீர் போனால் போதும், வண்டி நடு ஆற்றில் நின்றுவிடும். முன்னால் ரேடியேட்டர் ஃபேன். அது தண்ணீரைத் தொட்டதும், அள்ளி இன்ஜின் முழுக்க வீசும். வேகமாகச் சுற்றினால் ஃபேன் இலைகளே வளைந்து ரேடியேட்டரில் போய் இடிக்கும். ஆக 18 அங்குலம் என்பது சக்கரத்தின் எல்லையோ ஆற்றின் எல்லையோ கிடையாது. இன்ஜின் நனையாமல் இருப்பதற்கான எல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போர் வளர வளர இந்த எல்லையை உயர்த்துவதுதான் வேலையாகிப் போனது. ஜீப்பையே படகாக்கினால் என்ன என்று ஃபோர்டு 1942இல் ஜிபிஏ என்று ஒன்றைச் செய்தது. கிட்டத்தட்ட 12,700 வண்டி செய்தார்கள். பக்கச்சுவர் தாழ்வு, கனம் அதிகம், கொஞ்சம் அலை அடித்தாலும் உள்ளே தண்ணீர் வந்தது. நிறைய வண்டிகளை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரஷ்யாக்காரர்களுக்கு அகலமான அமைதியான ஆறுகள் இருந்ததால் அங்கே அது பிழைத்தது. அதே சமயம் ஜிஎம்சி லாரியைப் படகாக்கிச் செய்த டக் நன்றாக வேலை செய்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கும்போது சாதாரண ஜீப்புகளுக்கு வேறு வைத்தியம். ஒயர் சந்துகளையெல்லாம் கெட்டிப் பசை போட்டு அடைத்து, காற்று உள்ளே போகும் குழாயையும் புகை வெளியே போகும் குழாயையும் நீட்டி மேலே தூக்கிக் கட்டினார்கள். கரை ஏறியதும் அதையெல்லாம் பிரித்தெறிய வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறிவிடும். இன்றைக்கு என் அண்ணன் மகன் மாட்ட நினைக்கும் ஸ்நார்க்கல் இந்தக் குழாயின் வாரிசு. பெயர் மட்டும் நீர்மூழ்கிக் கப்பலிடம் கடன் வாங்கியது.

இந்த ஏற்பாடெல்லாம் கடலோரத்துக்கானது. கப்பலிலிருந்து இறங்கி, அலைக்கு நடுவே, கரைக்குப் போகிற வழி. டெண்டரிலும் ஆழம் இருக்கிறது, அடி கெட்டியாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது, வண்டியின் வேகம் இருக்கிறது. தண்ணீரின் வேகம் இல்லை.

1947இல் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. அரசாங்கம் என்பது கிராமத்துக்கு ஜீப்பில் வருகிற ஒன்று என்று ஆனது. எங்கள் அப்பா காலத்துப் பிள்ளைகள் ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப் போய்ப் பார்ப்பார்களாம், பெரியவர்கள் ஓடி ஒளிவார்களாம். எங்கள் பெரியப்பா அப்படி ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

மழைக்காலத்தில் ஓடையோ ஆறோ கடப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சின்ன வயதில் அவர் சொல்லக் கேட்டு, ஏதோ மந்திரம் போல மனப்பாடம் ஆகிவிட்டது. கரையில் வண்டியை நிறுத்து. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி, நீயே ஒரு தடவை நடந்து போய்த் திரும்பி வா. சக்கரம் போகிற இரண்டு தடத்திலும் நட. வந்து பானெட்டைத் திற. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போடு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றிக் கிரீஸ் அப்பு. ரேடியேட்டர் முன்னால் கோணிப்பையைக் கட்டு. ஃபோர் வீல் லோ, முதல் கியர். நடுவில் கியர் மாத்தாத, கிளச்சை மிதிக்காத, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்காத. அக்கரை போனதும் பெல்ட்டை மாட்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டு, ஈரம் காயட்டும்.

அவருக்கு யாரும் புத்தகம் கொடுத்திருக்க மாட்டார்கள். இருந்தும் ஒவ்வொன்றும் சரி. ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவது அந்தக் கால ஜீப்காரர்கள் உலகம் முழுக்கச் செய்தது. கோணிப்பை முன்னால் இருந்தால் தண்ணீர் கிரில் வழியே பாயாமல் வண்டிக்கு முன்னால் ஓர் அலையாகத் தள்ளப்படும். நடக்கிற வேகத்தில் சீராகப் போனால் அந்த அலை வண்டியோடு கூடவே வரும், அதற்குப் பின்னால் இன்ஜின் இருக்கும் இடத்தில் நீர்மட்டம் ஒரு கை அளவு தாழ்ந்திருக்கும். நின்றால் அலை திரும்பி வந்து உள்ளே நிரம்பும், வேகமாகப் போனால் பானெட்டுக்கு மேல் ஏறும். இன்றைய வண்டி வாங்கினாலும் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். கூடுதலாகச் சேர்க்க வேண்டியது ஒன்று: ஓடி வந்த சூட்டோடு இறங்காதீர்கள். சூடான ஆக்ஸில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் ஆற விடுங்கள். கடந்து வந்த பிறகு ஆக்ஸில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

1977 நவம்பர் 12 அன்று காலை நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடும் புயல் கரை கடந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். ஒரே வாரத்தில் ஆந்திராவில் அதைவிடக் கொடிய புயல் வந்துவிட்டதால், நாட்டின் ஞாபகத்தில் அந்த வருஷம் என்றால் திவிசீமா மட்டும்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஏறிய புயல் அங்கேயே அடங்கவில்லை. மேற்கே உள்நாட்டுக்குள் நகர்ந்து மழையாகக் கொட்டியது. எங்கள் ஊர் அப்போது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985இல்தான்.

அந்த மழையில் குடகனாறு அணை உடைந்தது. அணைகள் எப்படி உடைகின்றன என்று பாடம் எடுக்கும் இன்ஜினியர்கள் இன்றும் சொல்லும் உதாரணங்களில் எங்கள் அணையும் ஒன்று என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. மண் அணை. ஆற்றுப் படுகையிலிருந்து 11.45 மீட்டர் உயரம். கொள்ளளவு 1.23 கோடி கன மீட்டர். விநாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது சுமார் 45,000 கன அடி வெள்ளத்துக்கு என்று கணக்குப் போட்டுக் கட்டியது. வெள்ளம் வந்தபோது ஷட்டர்களைத் தூக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டுப் பார்த்தார்கள், பலன் இல்லை. பிறகு கையாலேயே சுற்றித் தூக்கினார்கள். தண்ணீர் காத்திருக்கவில்லை. கரைக்கு மேலே ஏறி, பின்பக்கச் சரிவில் அருவி போல் விழுந்து, மண்ணை அரித்து, 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை அகலத்துக்குப் பல இடத்தில் உடைத்துக்கொண்டு போனது. இருட்டில், மழையில், கையால் ஷட்டரைச் சுற்றியவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்த மழையின்போதுதான் பெரியப்பாவின் சம்பவமும். அணைக்கு மேற்புறம், வேடசந்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு தரைப்பாலம். வண்டியில் ஒரு அதிகாரி. அக்கரையில் ஒரு கிராமத்தில் வீடுகள் இடிந்ததாகத் தகவல், உடனே போயாக வேண்டும். பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது. ஓரக் கல்லின் தலை தெரிகிறது. ஆழம் ஒன்றரை அடிதான் இருக்கும், பெரியப்பாவே அப்படித்தான் சொன்னார். ஒன்றரை அடி என்றால் சரியாக 18 அங்குலம். ராணுவம் எழுதிக் கொடுத்த அதே அளவு. அதைவிட ஆழத்தில் அவர் பலமுறை போயிருக்கிறார்.

பெரியப்பா பானெட்டைத் திறக்கவில்லை. கரையில் கிடந்த ஒரு வேப்பங்குச்சியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். போட்டுவிட்டு, அதன் கூடவே கரையோரமாக எட்டி நடந்தார். குச்சி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. திரும்பி வந்து, "போகாதுங்கய்யா" என்றார்.

அதிகாரிக்குக் கோபம். "ஆழம் கம்மியாத்தான இருக்கு, ஏன் போகாது?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பெரியப்பா சாவியை எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுவாரம் மெமோ வந்தது, மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்காக. அவர் கொடுத்த விளக்கத்தின் கார்பன் காப்பி எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. பாதி அழிந்துபோன எழுத்து. அதில் குச்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டம் அதிகம் என்று மட்டும் இருந்தது. குச்சியைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். அக்கரைக் கிராமத்துக்கு மறுநாள்தான் ஆட்கள் போனார்கள். அது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. "நான் போகாததுனால அங்க என்ன ஆச்சுன்னு கேட்டேன் தம்பி, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அன்றைக்கு அவர் செய்தது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே அண்ணன் மகனின் கேள்விக்குப் பிறகுதான்.

கணக்கு கஷ்டமில்லை, பிளஸ் டூ இயற்பியல் போதும். இரண்டு விஷயம்: மிதப்பு, தள்ளல்.

மிதப்பு. ஒரு கன மீட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு டன் எடை குறையும். தாரின் உடல் அகலத்தையும் நீளத்தையும் வைத்து, தரைத்தட்டு ரோட்டிலிருந்து 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டு, தோராயமாகப் போட்டேன். 65 செ.மீ. தண்ணீரில் நின்றால் உடல் 20 செ.மீ. மூழ்கியிருக்கும். கதவு ரப்பர் நன்றாக இருந்து தண்ணீர் உள்ளே வராவிட்டால், கிட்டத்தட்ட 0.9 டன் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஒன்றே முக்கால் டன் வண்டி அப்போது சக்கரத்தில் வெறும் 0.9 டன்தான். பாதி வண்டி ஆற்றின் பக்கம் போய்விட்டது. பாசி பிடித்த காங்கிரீட்டில் ஈர டயரின் பிடிப்பை எடையில் முப்பது சதவீதம் என்று எடுத்தால், பக்கவாட்டில் சுமார் 270 கிலோ விசை தள்ளினால் வண்டி நகர ஆரம்பித்துவிடும்.

தள்ளல். இது தண்ணீரின் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு சதுர மீட்டர் தண்ணீரில் இருக்கிறது என்றால், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுமார் 110 கிலோ தள்ளல். வண்டி நிற்கும். 2 மீட்டரானால் 450 கிலோ. வண்டி போய்விட்டது. 270ஐத் தொடுவது எங்கே என்று பார்த்தேன். விநாடிக்கு 1.57 மீட்டர். அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அது ஒரு ஆள் எட்டி நடக்கிற வேகம்.

இந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கணக்கில் உள்ள எண்கள் எல்லாம் தோராயம், வண்டிக்கு வண்டி, பாலத்துக்குப் பாலம் மாறும். அவருடைய வண்டியும் வேறு, ஆழமும் வேறு. ஆனாலும் பெரியப்பாவின் குச்சி அளந்தது சரியான விஷயத்தை, சரியான அளவில். ஆற்றின் மேல்மட்டம் பொதுவாக உள்ளே ஓடுவதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும் என்பதால், குச்சி தப்புச் செய்தால்கூடப் பத்திரமான பக்கம்தான் தப்புச் செய்யும்.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடத்தில் நிஜக் கார்களையே தொட்டியில் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ், 15 செ.மீ. தண்ணீரில், விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்திலேயே நகர்ந்தது. 60 செ.மீ.இல் முழுக்க மிதந்தது. சரி, அது சின்னக் கார். இரண்டரை டன் நிஸான் பேட்ரோல், முழு நாலு சக்கர டிரைவ் ஜீப், அதே மாதிரி ஓட்டத்தில் 45 செ.மீ.இல் நிலை தடுமாறியது. 95 செ.மீ.இல் மிதந்தது, கையாலேயே தள்ளலாம் போல. 45 செ.மீ. என்றால் எவ்வளவு? மறுபடியும் 18 அங்குலம்.

இங்கே ஒரு வேடிக்கை. பழைய ஜீப்புக்குக் கதவு கிடையாது. தரையில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. ஆற்றில் இறங்கினால் தண்ணீர் உள்ளே வந்து டிரைவரின் காலை நனைத்துவிட்டு மறுபக்கம் போகும். அதனால் அது லேசில் மிதக்காது, சக்கரம் தரையை விடாது. இன்றைய வண்டி தூசி வராமல், ஏசி வீணாகாமல், நாலு பக்கமும் ரப்பர் வைத்து மூடிய டப்பா. நல்ல வண்டி எவ்வளவு நன்றாக மூடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் படகாகிறது, துடுப்பு இல்லாத படகு. 80 வருஷத்தில் கம்பெனிகள் இன்ஜினின் எல்லையை ஏற்றிக்கொண்டே வந்திருக்கின்றன: ஜீப்புக்கு 457, தாருக்கு 650, கூர்க்காவுக்கு 700, புது டிஃபெண்டருக்கு 900. வண்டி மிதக்கிற எல்லை அதே அளவுக்கு ஏறவில்லை. முன்பு இன்ஜின் முதலில் நின்றுவிடும், டிரைவர் பயந்து திரும்புவார். இப்போது இன்ஜின் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும், சக்கரம்தான் தரையில் இருக்காது.

டீசல் வந்ததும் இந்தத் தைரியம் இன்னும் கூடியது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, நனைந்தால் நிற்காது. அது காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்தால் மட்டும் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கன்ராடு வளைந்துவிடும். ஹைட்ரோலாக் என்பார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. மூழ்கிய காரை, தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவை சாவி போட்டுப் பார்ப்போமே என்று பார்த்தவர்கள் இன்ஜினையே இழந்தார்கள். இன்சூரன்ஸ்காரர்களோடு சண்டை தனி. ஆகவே, மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அப்படியே டோ செய்துகொண்டு போங்கள். ஸ்நார்க்கல் தடுப்பது இந்த ஒன்றைத்தான். நிற்கிற தண்ணீருக்கு அது நல்ல துணை.

ஓடுகிற தண்ணீரில், அதுவும் தரைப்பாலத்தில், இன்னும் இரண்டு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, பாலத்தின் தளமே நடுவில் பெயர்ந்து போயிருக்கலாம். செந்தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் இருக்கும். இன்னொன்று, பாலத்தைத் தாண்டி விழும் தண்ணீர் கீழ்ப்பக்கம் பெரிய குழி பறித்து வைத்திருக்கும். எங்கள் பக்கம் கசம் என்போம். ஆழம் ஒன்றரை அடி என்று ஓரக் கல்லைப் பார்த்துச் சொல்கிறோமே, அது பாலத்தின் மேல் உள்ள ஆழம். வண்டி தள்ளப்பட்டு விழுகிற இடத்தின் ஆழம் அதுவல்ல. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நமக்குத் தெரியும். தரைப்பாலத்தில் ஆழம் தெரிந்தே காலை விடுகிறோம்.

மாட்டுவண்டிக் காலத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை என்று பெரியப்பா சொல்வார். ஓட்டம் அதிகமாக இருந்தால் மாடு இறங்காது. காலை வைத்துப் பார்க்கும், பின்வாங்கும். அடித்தாலும் திரும்பிப் பார்க்குமே தவிரப் போகாது. வண்டிக்காரரும் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுவார். ஜீப்புக்கு அந்த அறிவு இல்லாததால் டிரைவர் மாடாக இருக்க வேண்டியிருக்கிறது என்பார். மாட்டுக்கு மெமோ கொடுக்க மாட்டார்கள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கரையில் நில் என்று சொல்வது எனக்குச் சுலபம். தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் மில் பஸ்ஸும் பல கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். அன்றைய கூலி போகும். பிரசவ வலியில் ஒரு பெண் அக்கரையில் இருந்தால் யாரும் குச்சி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பாலத்தில் மிச்சம் பிடித்த காசை மழை நாளில் இவர்கள்தான் கட்டுகிறார்கள். குறைந்தபட்சம் பாலத்தின் இரண்டு முனையிலும் அடிக்கணக்கு எழுதிய கம்பமும், குறுக்கே போட ஒரு சங்கிலியும் இருக்கலாம். சங்கிலி போட்டால் டிரைவருக்கும் அதிகாரிக்கும் நடுவில் சண்டை வராது, முடிவு சங்கிலியுடையது.

இதையெல்லாம் சுருக்கி அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். நிற்கிற தண்ணீர் என்றால் நடந்து பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இருந்தால், லோ கியரில் நடக்கிற வேகத்தில் போ. ஓடுகிற தண்ணீர் என்றால் குச்சியைப் போடு. குச்சி உன்னை ஜெயித்தால் வண்டியைத் திருப்பு. குச்சி மெதுவாகப் போகிறதே என்று உடனே இறங்கிவிடாதே, தளமும் ஓரக் கல்லும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அப்போதும் திருப்பு.

முழுக்கப் படித்தானா தெரியாது. அரை மணி நேரம் கழித்து பதில் வந்தது.

"அப்ப ஸ்நார்க்கல் வேஸ்டா சித்தப்பா?"

வேஸ்ட் இல்லை, தூசிக்கு நல்லது, வேடசந்தூரில் அதற்குக் குறைவில்லை என்று எழுதினேன்.